சேவை முடங்கும் நாளில் வாடிக்கையாளரிடம் வெளிப்படையாகப் பேசுவது எப்படி?

சேவை தடைபட்ட முதல் அரை மணி நேரத்தில் நிறுவனத்தின் எக்ஸ் கணக்கிலோ ஃபேஸ்புக் பக்கத்திலோ என்ன எழுதப்படுகிறது என்பதை வைத்தே, அந்நிறுவனத்தின் சொல்லை நம்புவதா வேண்டாமா என்று வாடிக்கையாளர் முடிவு செய்கிறார். ஆகவே அந்த முதல் பதிவை எழுதுபவர் யார், மேலிடத்து ஒப்புதலுக்குக் காத்திராமல் வெளியிடும் அதிகாரம் யாருக்கு உண்டு என்பதை, எதுவும் பழுதாகாத ஒரு சாதாரண நாளிலேயே எழுத்தில் முடிவு செய்து வையுங்கள். மேலாளர், சட்டப் பிரிவு, விளம்பர நிறுவனம் என்று மேசை மேசையாகச் சுற்றிவரும் பதிவு, வெளியே வரும் நேரத்தில் யாருக்கும் பயன்படாமல் போய்விடும்.

2009 ஏப்ரலில், அமெரிக்காவின் வட கரோலினாவில் டோமினோஸ் கடை ஊழியர்கள் இருவர் உணவை அசுத்தப்படுத்துவதுபோல் எடுத்த காணொளி யூடியூபில் பரவியது. நிறுவனம் தொடக்கத்தில் அடக்கியே வாசித்தது. வாய் திறந்தால், அறியாதவர்களுக்கும் செய்தி போய்ச் சேர்ந்துவிடும் என்று தயங்கியது. கூச்சல் பெருகிய பிறகே மூத்த நிர்வாகி பேட்ரிக் டாயில் அதே யூடியூபில் தோன்றி மன்னிப்புக் கேட்டார். ட்விட்டரிலும் கேள்விகளுக்குப் பதில் அளிக்கத் தொடங்கினார்கள். தாமதம் தவறு என்றாலும், தேர்ந்த இடம் சரி. புகார் எந்த ஊடகத்தில் எழுந்ததோ, அங்கேதான் பதிலையும் வைக்க வேண்டும்.

முதல் பதிவில் காரணம் இருக்க வேண்டியதில்லை. எது இயங்கவில்லை, எப்போதிலிருந்து, வாடிக்கையாளர் இப்போது என்ன செய்ய வேண்டும், அடுத்த தகவல் எத்தனை மணிக்கு வரும் என்பவை இருந்தால் போதும். எடுத்துக்காட்டாக: “காலை 10.40 முதல் எங்கள் செயலியில் பணம் செலுத்த இயலவில்லை. கணக்கில் பணம் பிடிக்கப்பட்டும் ஆர்டர் பதிவாகாதவர்கள் மீண்டும் செலுத்த வேண்டாம். அடுத்த தகவல் 11.30 மணிக்கு.” சொன்னபடி 11.30 மணிக்குப் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லாவிட்டாலும், இல்லை என்பதையே எழுதுங்கள். ‘தவிர்க்க இயலாத காரணங்களால்’, ‘சிலருக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்ற அறிவிப்புப் பலகை வாசகங்களை விட்டுவிடுங்கள். பணம் போய்விட்டதோ என்று தவிப்பவருக்கு அவற்றால் ஒரு பயனும் இல்லை.

எவ்வளவு தூரம் திறந்து பேசலாம் என்பதற்கு நான் அறிந்த சிறந்த முன்மாதிரி, மென்பொருள் உருவாக்குவோர் தங்கள் நிரல்களைச் சேமித்துவைக்கும் இணையச் சேவையான கிட்லேப். 2017 ஜனவரி 31 இரவு, பழுது பார்த்துக்கொண்டிருந்த பொறியாளர் ஒருவர், துணைச் சர்வர் என்று எண்ணி முதன்மைச் சர்வரின் தரவுத்தள அடைவை நீக்கிவிட்டார். சுதாரித்து நிறுத்துவதற்குள், சுமார் 300 ஜிபி தரவில் 4.5 ஜிபி மட்டுமே எஞ்சியது. காப்புப் பிரதிகளைத் தேடியபோது, அவையும் ஒழுங்காக இயங்கி வரவில்லை என்பது தெரிந்தது. இதை மறைக்காமல், பணிக்குறிப்புகளை எவரும் படிக்கக்கூடிய கூகுள் ஆவணத்தில் வைத்து, ட்விட்டரில் நிலவரம் சொல்லி, மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகவே காட்டினார்கள். ஏறத்தாழ 6 மணி நேரத்துக்கு முன் எடுத்திருந்த ஒரு பிரதியைக் கொண்டு தளம் மீண்டது. இடைப்பட்ட நேரத்துத் தரவு திரும்பவில்லை. எது தொலைந்தது என்பதையும் அவர்களே சொன்னார்கள். எல்லா நிறுவனங்களும் நேரலை செய்ய வேண்டும் என்பதில்லை. இழப்பைக் குறைத்துக் காட்டாமல் சொல்லும் துணிவு எல்லோருக்கும் வேண்டும். பின்னர் வெளியிட்ட விரிவான அறிக்கையில் அந்தப் பொறியாளரின் பெயர் இல்லை. வெளிப்படைத்தன்மையின் பெயரால் ஊழியர் ஒருவரைக் காட்டிக்கொடுக்காதீர்கள்.

பதில் எழுதும்போது ஓர் ஆபத்தையும் நினைவில் வையுங்கள். புகார் எழுதுபவர்களைக் கவனித்து, நிறுவனத்தின் பெயரிலேயே போலி ‘கஸ்டமர் கேர்’ கணக்கு தொடங்கி வலை விரிக்கும் மோசடிக்காரர்கள் இருக்கிறார்கள். தொலைபேசி எண்ணையோ ஆர்டர் எண்ணையோ பொதுவெளியில் கேட்காதீர்கள். தனிச்செய்தியில் பெறுங்கள், ஓடிபி ஒருபோதும் கேட்கமாட்டோம் என்பதை ஒவ்வொரு முறையும் எழுதுங்கள். தீர்வு கிடைத்த பின் அதை மூலப் புகாரின் கீழேயே பதிவு செய்யுங்கள். வசைமொழியும் தனிநபர் விவரமும் தவிர, கசப்பான கருத்து எதையும் நீக்க வேண்டாம். நீக்கியதன் ஸ்கிரீன்ஷாட் நீக்கியதைவிட வேகமாகப் பரவும்.

பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனமானால், விலையைப் பாதிக்கும் தகவலுக்கு விதிகள் உண்டு. 2012இல் நெட்ஃபிளிக்ஸ் தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸ் மாதப் பார்வை நேரம் 100 கோடி மணியைத் தாண்டியதைத் தம் ஃபேஸ்புக் பக்கத்தில் எழுதியது விசாரணைக்கு உள்ளானது. எந்தக் கணக்கில் தகவல் வரும் என்று முதலீட்டாளர்களுக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தால் சமூக ஊடகத்தைப் பயன்படுத்தலாம் என்று 2013இல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்காணையம் தெளிவுபடுத்தியது. உங்கள் நாட்டு விதியைச் சட்டப் பிரிவிடம் முன்னதாகவே கேட்டு வையுங்கள்.

பழுது நீங்கியதும் பேச்சை நிறுத்திவிடும் நிறுவனங்களே அதிகம். சில நாட்களுக்குள், நடந்ததை நேர வரிசையில் விளக்கி, செய்யப்போகும் திருத்தங்களைப் பட்டியலிட்டு, அந்தப் பதிவைப் பக்கத்தின் தலைப்பகுதியில் பொருத்துங்கள். சில மாதங்கள் கழித்து அதே பதிவின் கீழ், பட்டியலில் எது முடிந்தது, எது இன்னும் முடியவில்லை என்று தேதியுடன் எழுதுங்கள்.