ஒல்லி உடம்புக்கு ஹோல்ஸ்டர்: காசைக் கரைக்கிற தப்புங்க

டெக்சாஸ்ல சனிக்கிழமை கன் சுடக் கத்துக்குடுக்கிற பிகினர் க்ளாஸ்ல கூடமாட நிக்கிற ஆளு நான். உயரம் 5 அடி 1 இன்ச், எடை 50 கிலோவை எட்டிப் பாத்துட்டு திரும்பிரும். முன்னாடி எல்லாம் ரேஞ்ச்ல (சுட்டுப் பழகுற எடம்) தமிழ் சத்தமே கேக்காது, இப்போ க்ரீன் கார்டு வந்த கையோட புருஷன் பொண்டாட்டியா சேந்து வர்றாங்க. (எச்1பி, எஃப்1-ல இருக்கவங்க கொஞ்சம் நில்லுங்க, நான்-இமிக்ரன்ட் விசாவுல இருக்கவங்க கன் வெச்சுக்கிறதே ஃபெடரல் சட்டப்படி பொதுவா குத்தம், ஹண்டிங் லைசென்ஸ் மாதிரி சில விதிவிலக்கு இருக்கு, ஆனா அதை வாட்ஸப் க்ரூப்ல கேக்காம வக்கீல்கிட்ட கேளுங்க.) 2021 செப்டம்பர் 1-ல இருந்து இங்க 21 வயசாகி, சட்டப்படி கன் வெச்சுக்கத் தகுதி இருக்கவங்க லைசென்ஸ் இல்லாமலே கன்னைக் கூட வெச்சுக்கிட்டு வெளிய போலாம்னு ஆயிருச்சு, அதனால க்ளாஸ் பக்கமே வராம நேரா கடைக்குப் போறவங்களும் ஜாஸ்தி. அப்புறம் ஒரு மாசம் கழிச்சு, ஹோல்ஸ்டரை, அதாவது கன்னை இடுப்புல மறைச்சு வெக்கிற உறையை, மாட்டிக்கிட்டு, "அக்கா, நான் ஒல்லியா இருக்கேன்ல, எதைப் போட்டாலும் வெளிய தூக்கிட்டு தெரியுது, என்ன பண்றது"ன்னு வந்து நிப்பாங்க. நாங்க எல்லாம் வரிசையா பண்ணின அதே தப்புங்க, வரிசை கூட மாறல.

ட்ரிகர்ல விரல் வெக்காதீங்க, ஆளு பக்கம் நீட்டாதீங்கன்றது எல்லாம் க்ளாஸ்ல சொல்லிருவாங்க, அதை இங்க எழுதல.

சின்ன ஆளுக்கு சின்ன கன், சின்ன ஹோல்ஸ்டர்

இதை நெனச்சாலே எனக்கு இன்னும் கடுப்பாகுது, அதனால இதைப் பத்தி தான் நெறைய எழுதப் போறேன்.

திருநெல்வேலி பக்கத்துப் பொண்ணு ஒருத்தி, நம்மள விட இன்னும் ஒல்லி. முதல்ல சிக் பி365-ன்ற சின்ன கன் தான் வாங்கினா, ரொம்ப நல்ல சாய்ஸ், பேரல் (குழல்) 3.1 இன்ச், உள்ள 10 குண்டு. கூடவே கடைக்காரன் அதுக்கு ஏத்த மாதிரி குட்டியா ஒரு ஹோல்ஸ்டர் குடுத்தான், பேரல் முடியிற எடத்துலயே அதுவும் முடிஞ்சிரும். போட்டுப் பாத்தா டீ-ஷர்ட்டுக்கு மேல பிடி அப்படியே முட்டிக்கிட்டு தெரியுது. திரும்பக் கடைக்குப் போயிருக்கா. அவன் என்ன சொல்லணும், ஹோல்ஸ்டரை மாத்திப் பாரும்மான்னு தான? இல்ல, "உங்க சைஸுக்கு இது பெருசு மேடம், இன்னும் சின்னதா போங்க"ன்னு ரூகர் எல்சிபி-ன்ற இன்னும் குட்டி கன்னைத் தலையில கட்டிட்டான். பி365-ஐ நஷ்டத்துக்கு வித்தா. எல்சிபி 10 அவுன்ஸ் கூட வராது, முந்தினதுல பாதி தான் எடை, எடை கம்மியானா கை வலிக்க உதைக்கும், ஒரு பாக்ஸ் குண்டு சுட்டு முடிக்கிறதுக்குள்ள கட்டை விரல் சந்துல செவந்து போச்சு. அதோட ரேஞ்சுக்கு வர்றதையே நிறுத்திட்டா. இவ்வளவும் ஆகி, அந்த எல்சிபி-யும் குட்டி ஹோல்ஸ்டர்ல வெளிய சாஞ்சுக்கிட்டு தான் இருந்துச்சு!

ஏன்னு பாப்போம். இடுப்புக்குள்ள சொருகுற ஹோல்ஸ்டர்ல வெளிய தெரியிறது பேரல் கெடையாது, அது பேன்ட்டுக்குள்ள போயிருது. தெரியிறது பிடி, அதுவும் பிடியோட கீழ் முனை. குண்டு நெறஞ்ச மேகசின் இருக்கிற பிடி பெல்ட்டுக்கு மேல இருக்கு, பெல்ட்டுக்குக் கீழ தாங்கிப் பிடிக்க ரெண்டு மூணு இன்ச் தான் இருக்குன்னா, மேல் பக்கம் கனத்துல வெளிய சாயத்தான் செய்யும். ஆழமில்லாத சட்டைப் பாக்கெட்ல பெரிய போனை வெச்சுக்கிட்டு குனிஞ்சா எப்படி முன்னாடி தள்ளும், அதே கதை தான். தொப்பை இருக்கவங்களுக்காவது அந்த சதை கொஞ்சம் அணைச்சுப் பிடிக்கும், நம்மள மாதிரி தட்டை வயித்துக்கு அதுவும் இல்ல.

அப்போ செய்ய வேண்டியது தலைகீழ். பிடி சின்னதா இருக்கட்டும், ஹோல்ஸ்டர் நீளமா இருக்கட்டும். பி365-க்கு, அதோட நீளமான மாடல் எக்ஸ்எல்-க்குன்னு வர்ற ஹோல்ஸ்டர் வாங்கினா பெரும்பாலும் அப்படியே உக்காரும், எக்ஸ்எல் பேரல் 3.7 இன்ச், அந்த அரை இன்ச்சுக்கு மேல கிடைக்கிற நீளம் கீழ நின்னு மேல் பக்கத்தை உடம்போட ஒட்ட வெச்சிரும். க்ளாக் கம்பெனி கன்னைப் பாருங்க, 43எக்ஸ்-ம் 48-ம் 2019-ல ஒண்ணா வந்துச்சு, பிடி ரெண்டுக்கும் ஒண்ணு தான், பேரல் மட்டும் ஒண்ணு 3.41, இன்னொண்ணு 4.17. கடையில ஒல்லியான ஆளைப் பாத்ததும் கண்ணை மூடிட்டு 43எக்ஸ் எடுத்து நீட்டுவாங்க, ஆனா மறையிற விஷயத்துல 48 ஒண்ணும் கம்மி இல்ல, சொல்லப்போனா இன்னும் ஒட்டி நிக்கும். 43எக்ஸ் ஏற்கனவே வாங்கியாச்சா, முனை திறந்திருக்கிற 48 ஹோல்ஸ்டர்ல போடுங்க. ஒண்ணே ஒண்ணு, மாத்திப் போடுற எந்த ஹோல்ஸ்டரா இருந்தாலும், காலி கன்னை வெச்சு, தலைகீழா பிடிச்சு ஆட்டிப் பாத்து, விழாம இருக்கா, ட்ரிகர் முழுசா மூடியிருக்கான்னு பாத்துட்டு தான் மேல பேசணும்.

இதோட வெட்ஜ். ஹோல்ஸ்டரோட கீழ் முனையில உடம்பு பக்கமா ஒட்டுற ஃபோம் துண்டு. அது முனையை வெளிய தள்ளும், முனை வெளிய போனா பிடி உள்ள வரும். அந்தத் திருநெல்வேலிப் பொண்ணு மறுபடி ஒரு பி365 வாங்கினப்போ (ஆமா, வித்ததையே திரும்ப வாங்கினா, கடைக்காரனுக்கு தான் லாபம்), எக்ஸ்எல் ஹோல்ஸ்டர்ல ஒட்ட அன்னிக்கு கையில வெட்ஜ் இல்ல, ஷூவுக்குள்ள வெக்கிற ஜெல் குஷனோட குதிகால் பக்கத்தை கத்தரியால வெட்டி, வெல்க்ரோ ஒட்டி மாட்டினோம். அரை இன்ச் மேல தள்ளி ஒட்டினப்போ பிடி வெளிய நின்னுச்சு, கீழ எறக்கி ஒட்டினதும் டீ-ஷர்ட் தட்டையா விழுந்துச்சு. அவ கண்ணாடி முன்னாடி பக்கவாட்டுல திரும்பித் திரும்பிப் பாத்துட்டு, கடைக்காரனைத் திருநெல்வேலி பாஷையில வாழ்த்தினதை இங்க எழுத முடியாது.

ஆனா நீளம்னதும் ஒரு முழத்துக்கு வாங்கிராதீங்க, குட்டையானவங்களுக்கு பெல்ட்டுக்கும் தொடை மடிப்புக்கும் நடுவுல எடம் கம்மி. வழக்கமா போடுற பேன்ட், பெல்ட் போட்டு ஒரு நாற்காலியில உக்காந்து, பெல்ட்டோட கீழ் ஓரத்துல இருந்து தொடை மடிப்பு வரைக்கும் டேப் வெச்சு அளங்க. ஹோல்ஸ்டர்ல பெல்ட்டுக்குக் கீழ போற நீளம் அதைத் தாண்டினா உக்காரும்போதெல்லாம் குத்தும். லோ-ரைஸ் ஜீன்ஸ்ல இது இன்னும் மோசம், மிட்-ரைஸ் போட்டுப் பாருங்க, அதே ஹோல்ஸ்டர் வேற ஹோல்ஸ்டர் மாதிரி இருக்கும்.

க்ளா வாங்கிட்டு பெல்ட் போடாம சுத்துறது

க்ளான்னா ஹோல்ஸ்டர் பக்கவாட்டுல நீட்டிக்கிட்டு இருக்கிற குட்டி றெக்கை. அது பெல்ட்டை உள்பக்கத்துல இருந்து அழுத்தும், பெல்ட் திருப்பி அழுத்தும், அந்த அழுத்தத்துல பிடி வயித்துப் பக்கமா திரும்பும். பெல்ட்டே இல்லன்னா அது எதை அழுத்தும்? லெக்கிங்ஸ்ல க்ளிப்பை மாட்டிட்டு, க்ளா வேலை செய்யலன்னு புகார் சொல்றவங்களை வாராவாரம் பாக்குறேன். அதே சமயம் 28 இன்ச் இடுப்புக்கு, ஆம்பளைங்க போடுற பலகை மாதிரி விறைச்ச ஒண்ணரை இன்ச் பெல்ட்டும் சரி வராது, இடுப்பு வளைவுல ஒட்டாம நடுவுல சந்து விட்டு நிக்கும். கொஞ்சம் அகலம் கம்மியான, ஓட்டை இல்லாம கொஞ்சம் கொஞ்சமா இறுக்குற நைலான் பெல்ட் வாங்குங்க, சாப்பிட்டதும் ஒரு பல்லு தளர்த்திக்கலாம்.

முன்னாடி வெக்க பயந்து 4 மணி பொசிஷன்ல வெக்கிறது

வலது இடுப்புக்குப் பின்னாடி, கடிகாரத்துல 4 மணி எடம். நெட்டையான ஆளுங்க வீடியோல அழகா எடுப்பாங்க. உடம்பு குட்டையா, இடுப்பு மேல ஏறியிருக்கிறவங்க அங்க இருந்து எடுத்தா முழங்கை அக்குளைத் தாண்டி மேல போகணும், தோள்பட்டை தூக்கிக்கும், பாதியிலயே மாட்டும். பொம்பளைங்களுக்கு இடுப்பு எலும்பு அகலம்ன்றதால அது முனையை வெளிய தள்ளி பிடி விலா எலும்புல குத்துற கொடுமை வேற. குனிஞ்சா முதுகுப் பக்கம் கூடாரம் அடிச்ச மாதிரி தூக்கிக்கும், அது உங்க கண்ணுக்குத் தெரியவும் தெரியாது. அப்பெண்டிக்ஸ், அதாவது தொப்புளுக்குக் கொஞ்சம் வலது பக்கம், சின்ன உடம்புக்கு பெரும்பாலும் அது தான் ஒத்து வரும். பயமா இருக்குன்னா பயம் நல்லது தான், அந்த பயத்தை ஹோல்ஸ்டருக்குள்ள திரும்ப வெக்கிற நேரத்துக்கு வெச்சுக்குங்க. சட்டையைத் தூக்கி, கண்ணால பாத்து, மெதுவா. ஜாக்கெட் நாடாவோட நுனியில இருக்கிற குண்டுமணி ட்ரிகர் பக்கம் மாட்டி வெடிச்ச கதைங்க இருக்கு. யாரும் உங்களுக்கு ஸ்டாப்வாட்ச் பிடிக்கல. முடிஞ்சா கன்னோட சேத்து ஹோல்ஸ்டரை அப்படியே கழட்டுங்க, அப்படியே மாட்டுங்க.

யுனிவர்சல் துணி ஹோல்ஸ்டர்

எல்லா கன்னுக்கும் பொருந்தும்னு விக்கிறது. வேண்டாம்.

சைட்கார்

கன்னும் ஸ்பேர் மேகசினும் ஒரே பலகையில வர்றது. 28 இன்ச் இடுப்புல பலகை வளையாது. தனித்தனியா வாங்குங்க, இல்ல நடுவுல மடங்குறதா வாங்குங்க.

க்ளிப்புல கஞ்சத்தனம்

ப்ளாஸ்டிக் க்ளிப் ஒண்ணு பெல்ட்டை விட்டு நழுவி, பொம்மைக் கன்னை வெச்சு பயிற்சி பண்ணும்போது, ஹோல்ஸ்டர் உறை மாதிரி கன்னோடயே கூட வந்துருச்சு ஒருத்தருக்கு, அவரு ஹோல்ஸ்டரோட சேத்தே டார்கெட்டைக் குறி பாத்துட்டு நிக்கிறாரு. க்ளாஸே சிரிச்சுச்சு, அவருக்கு வேர்த்துருச்சு. பெல்ட்டோட கீழ் ஓரத்தைக் கொக்கி மாதிரி கவ்வுற ஸ்டீல் க்ளிப் போடுங்க.

ஹேண்ட்பேக்

"உடம்புல தான அக்கா தெரியுது, பேக்ல வெச்சுக்குறேனே"ன்னு கேக்குறவங்க கிட்ட நான் ஒரே ஒரு சம்பவம் தான் சொல்லுவேன். 2014 டிசம்பர் கடைசி, ஐடஹோ மாநிலம் ஹேடன், வால்மார்ட். ஷாப்பிங் கார்ட்ல உக்காந்திருந்த 2 வயசுப் புள்ள, அம்மாவோட பர்ஸுக்குள்ள கைய விட்டுருச்சு. அம்மா அங்கேயே போயிட்டாங்க. அது சும்மா பர்ஸ் கூட இல்ல, கன் வெக்கிறதுக்குன்னே தனி அறை வெச்சுத் தெச்சது. கோயில்ல, பர்த்டே பார்ட்டியில நம்ம ஆளுங்க பேக்கை எங்க எல்லாம் போட்டுட்டு சாப்பிடப் போறோம்னு நெனச்சுப் பாருங்க.

கண்ணாடி முன்னாடி நின்னு மட்டும் பாக்குறது

நின்னா எல்லாருக்கும் மறையும். காலி கன்னை வெச்சுக்கிட்டு வீட்லயே ஒரு சாயங்காலம் பூரா இருங்க. பாத்திரம் கழுவுங்க, கீழ் அலமாரியில இருந்து குக்கரை எடுங்க, ஷூ லேஸ் கட்டுங்க, காருக்குள்ள உக்காந்து சீட் பெல்ட் மாட்டி, அந்த பெல்ட் பிடிக்கு மேல போகுதா அடியில போகுதான்னு பாருங்க. ரொம்ப ஆழமா எறக்கி வெச்சா சூப்பரா மறையும், ஆனா எடுக்கும்போது மூணு விரலும் பிடியைச் சுத்தி போகணும், உடம்புக்கும் பிடிக்கும் நடுவுல விரல் நுழையலன்னா ஹோல்ஸ்டரைக் கொஞ்சம் மேல ஏத்துங்க. கைடெக்ஸ் (கெட்டி ப்ளாஸ்டிக்) ஹோல்ஸ்டர்ல பெரும்பாலும் ஸ்க்ரூ ஓட்டை ரெண்டு மூணு இருக்கும், வாங்கினது எப்படி வந்துச்சோ அப்படியே போட்டுட்டு குத்துது குத்துதுன்றவங்க தான் ஜாஸ்தி. ஸ்க்ரூ டிரைவரை எடுங்கப்பா.

குர்த்தி

குர்த்தி மறைக்கிறதுக்கு தங்கமான துணி, எடுக்குறதுக்கு எமன். முட்டி வரைக்கும் தொங்குறதை ஒரு கையால அள்ளி நெஞ்சு வரைக்கும் தூக்கணும், வியர்வையில தொடையோட ஒட்டிக்கும். இடுப்பு வரைக்கும் சைட் ஸ்லிட் இருந்தா கொஞ்சம் பரவால்ல, இல்ல ஷார்ட் குர்த்தி. கீழ நாடா பேன்ட்டுன்றதால பெல்ட் மாட்ட எடம் கெடையாது, அதுக்கு தான் ஃபிலிஸ்டர் எனிக்மா மாதிரி தனக்குன்னு சொந்தப் பட்டையோட வர்றது இருக்கு, பேன்ட்டையே நம்பாம உடம்புல நேரா கட்டிக்கலாம், க்ளாவும் அதோட பட்டையையே அழுத்தும். விலை கொஞ்சம் உறைக்கும், பட்டையோட இறுக்கத்தை நம்ம உடம்புக்குப் பழக்க பொறுமையும் வேணும், ஆனா ஒல்லியான பொம்பளைங்களுக்கு நான் முதல்ல காட்டுறது அதைத் தான். புடவை? கேக்காதீங்க.

ரேஞ்ச் பேக்கைத் தூக்கிட்டு இந்தியா போறது

ஒரே ஒரு குண்டு ஓரத்துல கெடந்தாலும் ஏர்போர்ட்ல ஆர்ம்ஸ் ஆக்ட் கேஸ். வேற பேக் எடுத்துட்டுப் போங்க.