கான்ட்ராஸ்ட் மருந்தும் சிறுநீரகச் செல்களும்: செல் வளர்ப்பு ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிறுநீரக நுண்குழல் செல்களைத் தட்டில் வளர்த்து, எக்ஸ்-ரே, சிடி படங்களில் உறுப்புகள் தெளிவாகத் தெரிவதற்காகச் செலுத்தும் அயோடின் கான்ட்ராஸ்ட் மருந்து அவற்றை என்ன செய்கிறது என்று பார்க்க வரும் புதியவர்கள், நான் தொடக்கத்தில் செய்த பிழைகளையே திரும்பச் செய்கிறார்கள். கிருமி புகுவது, செல்களை எண்ணாமல் விதைப்பது போன்றவற்றை எவரும் சொல்லித் தருவார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

மானிட்டால் ஒப்பீடு இல்லாமல் முடிவு சொல்வது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். இரத்தப் பிளாஸ்மாவின் ஆஸ்மோலாலிட்டி, அதாவது நீரில் கரைந்துள்ள துகள்களின் செறிவு, கிலோ நீருக்குச் சுமார் 290 மில்லி ஆஸ்மோல். மில்லிலிட்டருக்கு 350 மில்லிகிராம் அயோடின் உள்ள ஐயோஹெக்சால் என்ற கான்ட்ராஸ்ட் மருந்துக்கு அது சுமார் 844. இம்மருந்தை வளர்ப்பு ஊடகத்துடன் சம அளவில் கலந்தால் 560-ஐத் தாண்டிய கரைசல் கிடைக்கும். மருந்தின் மூலக்கூறு எந்தத் தீங்கும் செய்யாவிட்டாலும், அதில் இருக்கும் செல் நீரை இழந்து சுருங்கும். நான் மாதக்கணக்கில் இப்படிக் கலந்து, செல் இறப்பைக் காட்டும் நொதியான காஸ்பேஸ் 3 உயர்ந்ததையெல்லாம் மருந்தின் நச்சுத்தன்மை என்று குறித்து வைத்தேன். ஆஸ்மோலாலிட்டியை மட்டும் உயர்த்தும் சர்க்கரை ஆல்கஹாலான மானிட்டாலை அதே ஆஸ்மோலாலிட்டியில் சேர்த்த தட்டுக் குழி எங்கே என்று மூத்தவர் ஒருவர் கேட்டபோது என்னிடம் விடை இல்லை. பிறகு சேர்த்துப் பார்த்ததில், சேதத்தின் பெரும்பகுதி மானிட்டால் குழியிலும் தெரிந்தது; அதுவரை செலவிட்ட தட்டுகள் அனைத்தும் வீணாயின.

மானிட்டாலை உப்புநீரில் கரைத்து, மருந்து சேர்க்கும் அதே கனஅளவில் சேர்க்க வேண்டும். பாதி ஊடகத்தின் இடத்தை மருந்து பிடிக்கும்போது குளுக்கோசும் அமினோ அமிலங்களும் பாதியாகிவிடுகின்றன. ஊடகத்திலேயே மானிட்டாலைக் கரைத்தால் அந்தப் பட்டினி ஒப்பீட்டுக் குழியில் இராது. ஐயோடிக்சனால் என்ற மற்றொரு கான்ட்ராஸ்ட் மருந்து பிளாஸ்மாவுக்கு நிகரான ஆஸ்மோலாலிட்டி கொண்டது என்பதற்காக அதைத் தீங்கற்றது என்றும் கொள்ளக் கூடாது. அதன் பிசுபிசுப்பு அதிகம். உடலில் நுண்குழல் நீரை உறிஞ்ச உறிஞ்ச உள்ளே தங்கும் திரவம் மேலும் கெட்டியாகும். தட்டில் இது தெரியவே தெரியாது.

மில்லிலிட்டரில் ஒப்பிடுவது

ஒரே மில்லிலிட்டரில் மருந்துக்கு மருந்து அயோடின் அளவு மாறலாம்; எனவே இரண்டு மருந்துகளை அயோடின் மில்லிகிராமில் ஒப்பிடுங்கள்.

24 மணி நேரம் ஊறவிடுவது

சிறுநீரகம் நன்கு இயங்கும் உடலில் இம்மருந்தின் அரை ஆயுள், அதாவது இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறையும் காலம், ஏறத்தாழ 2 மணி நேரமே; தட்டில் நாள் முழுதும் ஊறவிடுவது அதற்கு ஒப்பாகாது.

தட்டை நோயாளியாக எண்ணுவது

சிறுநீரகத்தின் வெளி மெடுல்லா (உட்பகுதியின் வெளிப்புற அடுக்கு) இயல்பிலேயே ஆக்சிஜன் குறைந்த பகுதி. மருந்தால் இரத்தக் குழாய்கள் சுருங்கும்போது முதலில் தவிப்பது அங்குள்ள செல்கள்தாம். இன்குபேட்டரில் இருக்கும் செல்லுக்கோ இரத்த ஓட்டமும் இல்லை, ஆக்சிஜன் பஞ்சமும் இல்லை. ஆகவே, 48 மணி நேரத்தில், சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியாட்டினின் இரத்தத்தில் டெசிலிட்டருக்கு 0.3 மில்லிகிராம் உயர்ந்த ஒருவரின் உடலில் நடந்ததை, தட்டில் இறந்த செல்களின் எண்ணிக்கையைக் கொண்டு விளக்க முற்படாதீர்கள்.