பாண்டிச்சேரிக்கு மொத தடவை போறீங்களா? வாய்க்காலுக்கு அந்தப் பக்கமும் போங்க

பாண்டிக்கு நான் மொத தடவை போனப்ப பஸ் ஸ்டாண்ட்ல எறங்கி நேரா பீச்சுக்கு ஆட்டோ புடிச்சு, மஞ்சள் சுவரு முன்னாடி நாலு போட்டோ எடுத்துட்டு சாயங்காலமே கிளம்பிட்டேன். ஊர்ல முக்காவாசிய பாக்காமலே வந்திருக்கேன்னு ரெண்டாவது தடவை போனப்பதான் தெரிஞ்சுது. உங்களுக்கு அப்படி ஆகக்கூடாதுன்னுதான் இத எழுதறேன். ரெண்டு நாள் கைல இருந்தா போதும்.

ஸ்டெப் 1: நாள் பாத்துக்கோங்க

சனி, ஞாயிறு முடிஞ்சவரை வேணாம். சென்னையும் பெங்களூரும் மொத்தமா அங்கதான் வந்து நிக்கும், ரூம் வாடகையும் ஏறிடும். திங்கக்கிழமை மியூசியம் லீவு, அதனால செவ்வாய், புதன் நல்லது. அக்டோபர், நவம்பர் மழையும் புயலும் வர்ற மாசம், டிசம்பர் கடைசியிலருந்து மார்ச் வரைக்கும் வெயில் தாங்கும். ஒரே ஒரு நாள் மட்டும் கூட்டம்னு பாக்காதீங்க, அது மாசி மகம். சுத்துப்பட்டு ஊர் சாமியெல்லாம் வைத்திக்குப்பம் கடற்கரைக்கு தீர்த்தவாரிக்கு வரும், அன்னைக்கு பாண்டி முழுக்க வேற மாதிரி இருக்கும்.

ஸ்டெப் 2: பஸ்

சென்னையிலருந்து வர்றவங்க திண்டிவனம் வழி பஸ்ஸா, ஈசிஆர் வழி பஸ்ஸான்னு கேட்டு ஏறுங்க. ஈசிஆர்னா சுமார் 150 கிலோமீட்டர், மூணுலருந்து நாலு மணி நேரம். இடது பக்க சீட்டு புடிங்க, கடல் அந்தப் பக்கம்தான். மரக்காணத்துல உப்பளம் வரும், தூங்கிடாதீங்க. ரயில்ல வர்றவங்க விழுப்புரத்துல எறங்குனா அங்கருந்து பஸ் நெறைய இருக்கு.

ஸ்டெப் 3: ஊர மனசுல வரைஞ்சுக்கோங்க

இது ரொம்ப ஈஸி. கிழக்கே கடல். தெருவெல்லாம் நேர்கோடு, கட்டம் போட்ட மாதிரி இருக்கும், நடுவுல வடக்கு தெற்கா பெரிய வாய்க்கால் ஓடும். வாய்க்காலுக்குக் கிழக்கே ஒயிட் டவுன், மேற்கே தமிழர் பகுதி. பிரெஞ்சுக்காரங்க 1674ல வந்தாங்க, ஆனா இந்தக் கட்டத்த காகிதத்துல போட்டது டச்சுக்காரங்க, 1693லருந்து 1699 வரைக்கும் ஊரு அவங்க கைலதான் இருந்துச்சு. அப்புறம் 1761ல இங்கிலீஷ்காரன் ஊரையே இடிச்சுத் தள்ளிட்டான், அதனால இப்ப நீங்க பாக்கற பழைய வீடுங்கள்ல பெரும்பாலானது அதுக்கப்புறம் எழுப்புனதுதான்.

ஸ்டெப் 4: விடியக்காலைல பீச் ரோடு

சாயங்காலம் 6 மணியிலருந்து மறுநாள் காலைல 7.30 வரைக்கும் பீச் ரோட்டுல வண்டி விடமாட்டாங்க. அந்த நேரத்துல அஞ்சரைக்கே போயிடுங்க. நடக்கறவங்க, நாய கூட்டிட்டு வர்றவங்க, சும்மா உக்காந்து கடல பாக்கற தாத்தா பாட்டின்னு ஊர்க்காரங்க மொத்தமும் அங்கதான் இருப்பாங்க. சுமார் ஒன்றரை கிலோமீட்டர், மெதுவா நடங்க. காந்தி செலைய சுத்தி நிக்கற கல்தூண் எட்டும் செஞ்சியிலருந்து வந்தது, எதிர்ல 1836ல வெளக்கேத்துன பழைய லைட் ஹவுஸ் இருக்கு.

மணலே இல்லாம கருப்புப் பாறையா கெடக்கேன்னு எல்லாரும் கேப்பாங்க. தெக்கே அரியாங்குப்பம் ஆத்து முகத்துவாரத்துல 1980கள் கடைசில துறைமுகத்துக்காக கடலுக்குள்ள கல்சுவர் போட்டாங்க. நம்ம கிழக்குக் கரையில வருஷத்துல பாதிக்கு மேல அலை மணல தெக்கேயிருந்து வடக்கே தள்ளிட்டே இருக்கும், அந்த மணல சுவரு மறிச்சதும் இந்தப் பக்கம் பீச் அரிச்சுப் போச்சு, ரோட்ட காப்பாத்த பாறைய கொட்டுனாங்க. 2018, 19 வாக்குல தண்ணிக்கடியில பெரிய இரும்புத் திட்டு ஒண்ணு எறக்குனதுக்கப்புறம் தலைமைச் செயலகத்துக்கு எதிர்ல மணல் திரும்ப சேந்துது. ஆனா வடக்கே மீனவங்க குப்பம் பக்கம் கரை இன்னும் அரிச்சுட்டுதான் இருக்கு, அத நெனைச்சா மனசு கஷ்டமா இருக்கும்.

ஸ்டெப் 5: ஒயிட் டவுன்

இங்க ஒரு மணி நேரம் போதும். துய்மா வீதி, சுப்ரேன் வீதி, ரோமன் ரோலண்ட் வீதின்னு அப்படியே நடங்க. உள்ள ஆளுங்க குடியிருக்காங்க, வாசப்படியில ஏறி நின்னு போட்டோ எடுக்காதீங்க. மணக்குள விநாயகர் கோயிலுக்குப் போனா லட்சுமி யானைய கேட்டு சின்னப் பசங்க தேடுவாங்க, 2022 நவம்பர்ல நடந்து போயிட்டிருக்கும்போதே விழுந்து செத்துப்போச்சு, அன்னைக்கு ஊரே அழுதுது.

ஸ்டெப் 6: வாய்க்கால தாண்டுங்க

இதுதான் முக்கியம். வைசியாள் வீதிக்குப் போங்க. வீட்டு முன்னாடி தெருவ ஒட்டி மரத்தூண் வச்ச தாழ்வாரம், அதுக்குள்ள திண்ணை, அப்புறம் கதவு, உள்ள முற்றம். கீழ்மாடி அச்சு அசல் தமிழ் வீடு, அண்ணாந்து பாத்தா மாடியில பிரெஞ்சு ஜன்னலும் வளைவும். ரெண்டும் ஒரே வீட்டுல. அங்க திண்ணையில உக்காந்திருந்த பெரியவர் ஒருத்தர், பிரெஞ்சு ராணுவத்துல இருந்தவர், ஊர்ல சொல்தான்னு சொல்வாங்க, என்னைக் கூப்பிட்டு "நடந்து களைச்சிருப்ப, செத்த நேரம் உக்காரு தம்பி, இந்தத் தாழ்வாரம் தெருவுல போறவங்களுக்குத்தான கட்டுனது"ன்னார். அதுக்கப்புறம் நான் பாண்டி போனா மொதல்ல போறது அந்தத் தெருவுக்குத்தான்.

அங்கருந்து பெரிய மார்க்கெட் பக்கம், ஆனந்தரங்கப்பிள்ளை மாளிகை 1738ல கட்டுனது, இடிபாட்டுக்குத் தப்புன ரொம்பக் கொஞ்சம் வீடுங்கள்ல ஒண்ணு. பிரெஞ்சு கவர்னர் துப்ளேக்ஸ்கிட்ட துபாஷியா, அதாவது மொழிபெயர்ப்பாளரா இருந்தவரு, 25 வருஷம் டைரி எழுதுனவரு. மார்க்கெட்டுக்குள்ள பூக்கடை, மீன்கடை ரெண்டுத்தையும் காலைலயே பாத்துடுங்க. அப்படியே ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவுல பாரதியார் வீடு. 1908லருந்து 1918 வரைக்கும் பத்து வருஷம் இந்த ஊருதான் அவருக்கு அடைக்கலம் குடுத்துச்சு.

ஸ்டெப் 7: குளியல்

பீச் ரோட்டுப் பாறையில எறங்கவே கூடாது, வழுக்குனா புடிக்க ஒண்ணும் கெடையாது. மணல் வேணும்னா சுண்ணாம்பாறு போட் ஹவுஸ்லருந்து போட்ல பாரடைஸ் பீச் போங்க, ஆனா அங்கயும் முழங்கால் தண்ணியோட நிறுத்திக்கோங்க. மேல அலை சின்னதா தெரியும், கீழ இழுப்பு பலமா இருக்கும், நல்லா நீச்சல் தெரிஞ்ச பசங்களே மூழ்கிச் செத்திருக்காங்க. குடிச்சிட்டு எறங்கவே எறங்காதீங்க, மீனவங்க வேணாம்னு சொன்னா கேளுங்க.

ஸ்டெப் 8: ஆரோவில், நேரம் இருந்தா

ஊர்லருந்து சுமார் 10 கிலோமீட்டர் வடக்கே. அங்க இருக்கற தங்க நிற உருண்டை தியான மண்டபம் மாத்ரிமந்திர தூரத்துலருந்து பாக்க விசிட்டர்ஸ் சென்டர்லருந்து நடக்கணும், உள்ள போகணும்னா முன்கூட்டியே புக் பண்ணணும், அன்னைக்கே போய்க் கேட்டா கெடைக்காது.

ஸ்டெப் 9: ரெண்டாவது நாள் சாயங்காலம்

ஆறு மணிக்கு தடுப்பு போட்டதும் திரும்ப பீச் ரோட்டுக்கு வந்துடுங்க. காலண்டர்ல பௌர்ணமி எப்பன்னு பாத்து வந்திருந்தீங்கன்னா இன்னும் நல்லது, பாறைக்குப் பின்னாடி கடல்லருந்து நிலா செவப்பா மேல வரும், அது வெள்ளையாகற வரைக்கும் உக்காந்திருங்க, பஸ் ராத்திரி பூரா இருக்கு.