பழைய காரில் ஏசி விட்டுவிட்டு வேலை செய்தால்: கேஸ் அடிக்க ஓடுவதற்கு முன்

ஏசி அறவே வேலை செய்யாத காரில் கோளாறைக் கண்டுபிடிப்பது சுலபம். காலையில் ஜில்லென்று இருந்து, மதியம் சிக்னலில் நிற்கும்போது வெறும் காற்றாக மாறி, சாயங்காலம் ஒன்றும் நடக்காதது போல மறுபடி ஜில்லென்று வீசும் ஏசிதான் ஆளை அலைய விடும். பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடிய கார் வைத்திருக்கும் பலருக்கும் மார்ச் கடைசியில் தொடங்கி அக்னி நட்சத்திரம் முடியும்வரை இதே பாடுதான். இதில் நிறையப் பணம் போவது தவறாகக் கணிப்பதால்தான். கழற்றிப் போட்ட பார்ட்ஸ் நன்றாகவே இருந்திருக்கும். கோளாறு அதே இடத்தில் உட்கார்ந்திருக்கும்.

எல்லாத் தவறுக்கும் தாய் ஒன்று: ஏசி நன்றாக ஓடும் நேரத்தில் வண்டியைக் கடையில் கொண்டுபோய் நிறுத்துவது. மெக்கானிக் ஏசியைப் போடுவார், ஜில்லென்று வரும். அப்புறம் அவர் சொல்வதெல்லாம் ஊகம்தான். விட்டுவிட்டு வரும் கோளாறை அது நடக்கும்போதே பிடிக்க வேண்டும்.

குளிர்ச்சி நின்ற அந்த நிமிஷம் ஏசியை அணைக்காதீர்கள். வண்டியை ஓரம் கட்டி, இன்ஜினும் ஏசியும் ஓடட்டும் என்று விட்டு பானெட்டைத் திறந்து கம்ப்ரசரின் முன்பக்கத்தைப் பாருங்கள். பெல்ட் ஓடும் புல்லி எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும். அதற்கு முன்னால் தட்டையாக ஒரு பிளேட் தெரியும், அதுதான் கிளட்ச் பிளேட். ஏசி வேலை செய்யும்போது காந்தம் இழுத்து, ‘டக்’ என்ற சத்தத்தோடு அது புல்லியோடு ஒட்டிச் சுற்றும். புல்லி மட்டும் சுற்றி பிளேட் சும்மா நின்றால், கம்ப்ரசருக்குக் கரண்ட் வரவில்லை, அல்லது வந்தும் கிளட்ச் பிடிக்கவில்லை. பிளேட்டும் சுற்றுகிறது, ஆனால் குளிர்ச்சி இல்லை என்றால் கேஸ், டேஷ்போர்டுக்குள் காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயில், அதற்குள் கேஸை அளவாக விடும் எக்ஸ்பான்ஷன் வால்வு பக்கம் பார்க்க வேண்டும். இந்த ஒரு பார்வையிலேயே தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும். கூடவே கண்டென்சர் (முன் கிரில்லுக்குப் பின்னால் கேஸின் சூட்டை வெளியேற்றும் பாகம்) ஃபேன் சுற்றுகிறதா, உள்ளே வென்ட்டில் காற்றின் வேகம் குறைந்திருக்கிறதா, வேகம் அப்படியே இருந்து சூடு மட்டும் ஏறியிருக்கிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். துப்பட்டா, புடவைத் தலைப்பு, வேட்டி நுனி, தளர்ந்த சட்டைக் கை எதுவும் பெல்ட் பக்கம் போகக் கூடாது. எலக்ட்ரிக் ஃபேன் சொல்லாமல் கொள்ளாமல் சுற்ற ஆரம்பிக்கும். மெக்கானிக்கிடம் காட்ட செல்போனில் ஒரு வீடியோ எடுத்துவைத்தால் பாதி வாக்குவாதம் மிச்சம்.

அடுத்த தவறு எல்லோரும் செய்வது. “கேஸ் கம்மியா இருக்கும், அடிச்சிடலாம்.” ஏசி கேஸ் பெட்ரோல் போலத் தீர்ந்துபோகும் சரக்கு இல்லை. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. பழைய வண்டியில் ஹோஸ் வழியாகவும் ஷாஃப்ட் சீல் வழியாகவும் வருஷக் கணக்கில் கொஞ்சம் கசிவது உண்டு; ஒரே சீசனில் குறைந்தால் எங்கோ லீக் இருக்கிறது. லீக்கைப் பார்க்காமல் கேஸ் அடிப்பது ஓட்டை டியூபுக்குக் காற்றடிப்பதுதான்.

இன்ஜினை அணைத்துவிட்டு கேஜ் மாட்டி, “ப்ரெஷர் நல்லா இருக்கு, கேஸ் ஃபுல்” என்று சொன்னாலும் நம்பாதீர்கள். ஆர்-134ஏ (இப்படிப்பட்ட கார்களில் வழக்கமாக இருக்கும் ஏசி கேஸ்) திரவமாகக் கொஞ்சம் உள்ளே இருந்தாலே போதும், நின்ற நிலையில் ப்ரெஷரைத் தீர்மானிப்பது வெப்பநிலைதான். 30 டிகிரியில் ஏறக்குறைய 97 பி.எஸ்.ஐ. காட்டும், 35 டிகிரியில் 114 பக்கம் போகும். 300 கிராம் இருந்தாலும் 500 கிராம் இருந்தாலும் முள் அதே இடத்தில்தான் நிற்கும். அளவு தெரிய ஒரே வழி, இருக்கும் கேஸை மெஷினில் வெளியே எடுத்து எடை போட்டு, பானெட்டுக்குள் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் சொன்ன கிராம் அளவுக்கு நிரப்புவது. சின்ன கார்கள் பலவற்றுக்கு அது சுமார் அரை கிலோதான். அதனால் நூறு கிராம் கூடினாலும் குறைந்தாலும் தெரியும். கூடிப்போனால் வெயிலில் ஹை சைடு (கம்ப்ரசரிலிருந்து கண்டென்சருக்குப் போகும் பக்கம்) ப்ரெஷர் எகிறி, ப்ரெஷர் சுவிட்ச் கம்ப்ரசரை நிறுத்தும். கொஞ்சம் ஆறியதும் மறுபடி விடும். கேஸ் அடித்த பிறகு புதிதாக ‘விட்டுவிட்டு’ நோய் வந்த வண்டிகளில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

ஓடும்போது குளிர்ச்சி, நின்றால் சூடு என்றால் கேஸை மறந்துவிட்டு கண்டென்சர் ஃபேனைப் பாருங்கள். மோட்டார் தேய்ந்து சில நேரம் மட்டும் சுற்றும், அல்லது மெதுவாகச் சுற்றும். ஃபேன் சரியாக இருந்தால், ரேடியேட்டருக்கும் கண்டென்சருக்கும் நடுவில் பூச்சி, தூசி, சருகு அடைத்திருக்கலாம். சோதிப்பதும் எளிது. ஏசி சூடாகி நிற்கும்போது முன் கிரில் வழியாகக் கண்டென்சர் மேல் ஒரு பாட்டில் தண்ணீரை மெல்ல ஊற்றுங்கள். உடனே குளிர்ச்சி திரும்பினால் குற்றவாளி அந்தப் பக்கம்தான். கடலோர ஊர்களில் உப்புக் காற்றால் கண்டென்சர் தகடுகள் பொடிந்து உதிர்வதும் சகஜம். கையால் தடவினாலே தெரியும்.

ஆபத்தான தவறு ஒன்று உண்டு. ப்ரெஷர் சுவிட்சையோ ரிலேயையோ (கம்ப்ரசருக்குக் கரண்டை விட்டு நிறுத்தும் சின்ன மின் சுவிட்ச்) தாண்டி ஒயர் போட்டு “டைரக்ட்” பண்ணிவிடுவது. அன்றைக்கு ஏசி ஓடும், ஓனருக்கும் சந்தோஷமாக இருக்கும். ஆனால் கம்ப்ரசருக்கு ஆயில் போய்ச் சேருவது கேஸோடு கலந்துதான். கேஸ் குறைந்ததும் லோ ப்ரெஷர் சுவிட்ச் நிறுத்துவது அந்தக் கம்ப்ரசரைக் காப்பாற்ற. அதைத் தாண்டி ஓட்டினால் உள்ளே உலர்ந்து தேய்ந்து, அலுமினியத் தூள் கண்டென்சர் வரை போய்ச் சேரும். அதன் பிறகு கம்ப்ரசர் மாற்றினால் மட்டும் போதாது. லைனை ஃப்ளஷ் பண்ண வேண்டும், டிரையர் (லைனில் ஈரத்தை உறிஞ்சும் பாகம்) மாற்ற வேண்டும், கண்டென்சரே போனாலும் போகும். எதையும் டைரக்ட் பண்ணச் சம்மதிக்காதீர்கள்.

ஐஸ் கட்டுவதிலும் நிறையக் குழப்பம். நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓடியதும் வென்ட்டில் காற்று மெல்லக் குறைந்துகொண்டே வந்து, ஏசியைப் பத்துப் பதினைந்து நிமிஷம் அணைத்துப் போட்டால் சரியாகிவிடுகிறது என்றால், கூலிங் காயில் மேல் ஐஸ் படிந்து காற்றை அடைக்கிறது. இதற்குக் காரணம் காயிலில் செருகியிருக்கும் தெர்மிஸ்டர் (குளிரை அளக்கும் சென்சார்) இடம் மாறியிருக்கலாம், கெட்டிருக்கலாம், அல்லது கேபின் ஃபில்டரும் காயிலும் தூசியால் அடைந்திருக்கலாம். ஆனால் காற்றின் வேகம் குறையாமல் குளிர்ச்சி மட்டும் திடீரென நின்று, கொஞ்ச நேரம் நிறுத்திவைத்தால் திரும்புகிறது, அந்த நேரத்தில் லோ சைடு (கூலிங் காயிலிலிருந்து கம்ப்ரசருக்குத் திரும்பும் பக்கம்) கேஜ் பூஜ்யத்துக்குக் கீழே வேக்குவம் பக்கம் இறங்குகிறது என்றால், அது சிஸ்டத்துக்குள் புகுந்த ஈரம். எக்ஸ்பான்ஷன் வால்வின் மெல்லிய துவாரத்தில் உறைந்து வழியை மறிக்கிறது. எப்போதோ லைனைத் திறந்தவர்கள் சரியாக வேக்குவம் போடாமல் (பம்ப் வைத்து உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்காமல்) கேஸ் அடித்ததன் விளைவாக இருக்கும். முதல் கோளாறுக்கு தெர்மிஸ்டரைச் சரிசெய்வது அல்லது ஃபில்டரையும் காயிலையும் சுத்தம் பண்ணுவது, இரண்டாவதுக்கு புது டிரையரும் நல்ல வேக்குவமும். இரண்டுக்கும் கேஸ் அடித்தால் பயனில்லை. சென்னை, தூத்துக்குடி போன்ற ஈரக் காற்று வீசும் ஊர்களில் தடிமனான பைப் வியர்த்துச் சொட்டுவது இயல்பு, அதைப் பார்த்து பயப்பட வேண்டாம். வெள்ளையாக உறைபனி படர்ந்தால்தான் கவனிக்க வேண்டும்.

“கம்ப்ரசர் போச்சு” என்ற தீர்ப்பு என்னை மிகவும் வருத்தப்பட வைப்பது. தெரிந்தவர் ஒருவரின் பழைய ஹேட்ச்பேக்கில் நெடுந்தூரம் ஓடி இன்ஜின் நன்கு சூடான பிறகு மட்டும் ஏசி நிற்கும். கேஸ் அடித்தார்கள், பலனில்லை. கம்ப்ரசர் மாற்ற வேண்டும் என்று பெரிய தொகை சொன்னார்கள். பானெட்டைத் திறந்து பார்த்தபோது பிளேட் நிற்கிறது, கிளட்ச் ஒயரில் 13 வோல்ட்டுக்கு மேல் வருகிறது. கரண்ட் வந்தும் பிடிக்கவில்லை. இன்ஜினை அணைத்து பிளேட்டுக்கும் புல்லிக்கும் நடுவில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பார்த்தால் இடைவெளி ஒரு மில்லிமீட்டரை நெருங்கியிருந்தது. பெரும்பாலான கம்ப்ரசர்களில் அது 0.3 முதல் 0.6 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். வருஷக் கணக்கில் பிளேட் தேய்ந்து இடைவெளி கூடுகிறது. சூட்டில் கிளட்ச் காந்தத்தின் கம்பிச் சுருளில் ரெசிஸ்டன்ஸ் ஏறி காந்தத்தின் இழுப்பு குறைகிறது. இரண்டும் சேர்ந்ததும் பிடி விட்டுவிடும். நடு போல்ட்டைக் கழற்றி உள்ளிருக்கும் மெல்லிய ஷிம் வாஷர் ஒன்றை எடுத்ததோடு வேலை முடிந்தது. கம்ப்ரசர் அப்படியே ஓடுகிறது.

பிளேட் நிற்கும்போது ஒயரில் கரண்ட்டே வரவில்லை என்றால், ஏசி ரிலேயைக் கழற்றி, அதே நம்பர் கொண்ட ஹாரன் ரிலே போன்ற வேறொன்றை அந்த இடத்தில் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். பள்ளத்தில் இறங்கும்போது மட்டும் விட்டுப்போனால் கனெக்டரும் எர்த் ஒயரும்தான் முதலில். இன்ஜின் சூடு அளவு மீறினால் கம்ப்யூட்டரே கம்ப்ரசரை நிறுத்தும் கார்களும் உண்டு. அங்கே ஏசி கடையைவிட ரேடியேட்டர், கூலன்ட் பார்ப்பதுதான் முக்கியம்.

2003க்கு முந்தைய சில வண்டிகளில் ஆர்-12 கேஸ் இருந்திருக்கும். அதில் அப்படியே ஆர்-134ஏ அடிப்பது தவறு. ஆயில் ஒத்துப்போகாது, ஓ-ரிங், டிரையர் எல்லாம் பார்த்து மாற்ற வேண்டும். மலிவாகக் கிடைக்கிறது என்று எல்பிஜி கலந்த கேஸ் போடவே கூடாது. கூலிங் காயில் டேஷ்போர்டுக்குள் இருக்கிறது. அது லீக்கானால் தீப்பிடிக்கும் கேஸ் குடும்பம் உட்கார்ந்திருக்கும் இடத்தில்தான் வந்து நிரம்பும்.

லைனைத் திறந்து வேலை பார்த்தால் அரை மணி நேரமாவது வேக்குவம் போடச் சொல்லுங்கள். பிறகு பம்பை நிறுத்தி, முள் நின்ற இடத்திலேயே நிற்கிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். எத்தனை கிராம் கேஸ் எடுத்தார்கள், எத்தனை கிராம் போட்டார்கள் என்பதை பில்லில் எழுதி வாங்குங்கள். அடுத்த கோடையில் கேஸ் எடுத்து எடை போடும்போது அந்த இரண்டாவது எண்ணோடு ஒப்பிட்டால், லீக் இருக்கிறதா இல்லையா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.