டிவிடெண்டை வீட்டுக் கடன் அசலில் போடுங்கள்

பங்குகளிலிருந்து டிவிடெண்ட் (நிறுவனம் தன் லாபத்திலிருந்து பங்குதாரர்களுக்குப் பிரித்துத் தரும் பணம்) வருகிறது, இன்னொரு பக்கம் வீட்டுக் கடனும் ஓடுகிறது என்றால், அந்தப் பணத்தை அன்றாடச் செலவில் கரைய விடாதீர்கள். கடனின் ஆரம்ப ஆண்டுகளில் அதை அப்படியே அசலுக்குக் கட்டுங்கள்.

கணக்கைப் பாருங்கள். 9% வட்டியில் 20 ஆண்டுக் கடன் வாங்கினால், முதல் மாதத் தவணையில் ஏறக்குறைய 83% வட்டிக்கே போய்விடும். அசல் குறைவது ரொம்பக் கொஞ்சம். அதனால் தொடக்கத்திலேயே அசலில் கூடுதலாகக் கட்டும் தொகை, மீதமுள்ள ஆண்டுகள் முழுவதும் அதற்கு ஏறக்கூடிய வட்டியைத் தடுத்துவிடுகிறது. கட்டும்போது, தவணைத் தொகை அப்படியே இருக்கட்டும், காலத்தைக் குறையுங்கள் என்று வங்கியிடம் எழுதிக் கொடுங்கள். மிச்சம் அதில்தான் அதிகம். முன்கூட்டிக் கட்டினால் அபராதம் உண்டா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், டிவிடெண்ட் சதவீதம் பெரிதாக இருக்கிறதே என்று மயங்கிப் பங்கு வாங்காதீர்கள். விலை 100, டிவிடெண்ட் 5 என்றால் அது 5%. விலை 50க்கு விழுந்தால் அதே 5 இப்போது 10% ஆகத் தெரியும்! நிறுவனம் தடுமாறுவதால்கூட விலை விழுந்திருக்கலாம். என்னைக் கேட்டால், லாபத்தில் எவ்வளவு பகுதியை டிவிடெண்டாகத் தருகிறார்கள் என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். சம்பாதிப்பதைவிட அதிகமாகப் பிரித்துக் கொடுத்தால் ரொம்ப நாள் தாங்காது.

மாதத் தவணைக்கு மட்டும் டிவிடெண்டை நம்ப வேண்டாம். நிறுவனம் எப்போது வேண்டுமானாலும் அதைக் குறைக்கலாம், நிறுத்தலாம். தவணை சம்பளத்திலிருந்தே போகட்டும்.