கைவேலைக்குக் கூலி போடாத கணக்கு

பொடி, ஊறுகாய், தைத்த ரவிக்கை, சணல் பை என்று எதையாவது வீட்டிலிருந்தே செய்து விற்கும் பெண்களிடம் "இதில் உங்களுக்கு என்ன நிற்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். "சாமான் செலவு போக ஏதோ கொஞ்சம் நிற்கும்" என்பார்கள். அந்த "ஏதோ கொஞ்சம்" எவ்வளவு என்று எழுதிப் பார்த்தவர்கள் குறைவு. மதுரையில் ஒரு வாடகை வீட்டின் பின்கட்டில் இட்லிப் பொடி செய்து விற்ற முதல் மூன்று ஆண்டுகள் நானும் எழுதிப் பார்க்கவில்லை. நன்றாக விற்கிறது என்ற நினைப்பிலேயே இருந்தேன். விற்கத்தான் செய்தது.

ஒரு மழை நாளில் உட்கார்ந்து போட்ட கணக்கை இன்றைய விலைக்கு மாற்றிச் சொல்கிறேன். உளுந்து, கடலைப்பருப்பு, மிளகாய், எள், பெருங்காயம், கவர், லேபிள், காஸ், மில் கூலி, வறுப்பதிலும் அரைப்பதிலும் குறையும் எடை என எல்லாம் சேர்த்து ஒரு கிலோ பொடிக்கு 255 ரூபாய் ஆகிறது என்று வையுங்கள். கால் கிலோ பாக்கெட்டை 80 ரூபாய்க்கு விற்றால் கிலோவுக்கு 320. மிச்சம் 65. பத்துக் கிலோ போட்டால் 650 ரூபாய் கையில் நிற்கும். பரவாயில்லையே என்றுதான் தோன்றும்.

இப்போது நேரத்தை எழுதுங்கள். பருப்பைப் புடைத்துக் கல் பொறுக்க, வெயிலில் காயவைக்க, வறுத்து ஆறவைக்க, மில்லில் வரிசையில் நிற்க, சலிக்க, நிறுக்க, கவரை ஒட்ட, போனில் பதில் சொல்ல, பார்சல் கட்ட. எனக்குப் பதினான்கு மணி நேரம் ஆனது. 650-ஐ 14-ஆல் வகுத்தால் மணிக்கு 46 ரூபாய். உதவிக்கு வந்த அக்காவுக்கு எட்டு மணி நேரத்துக்கு 400 ரூபாய் கொடுத்தால் அவருக்கு மணிக்கு 50. முதலாளியம்மாவைவிட உதவிக்கு வந்தவருக்கு வருமானம் அதிகம்! அவருக்காவது மாலையில் கையில் பணம் வந்துவிடும். எனக்கு அந்த 46 ரூபாயும் பாதிப் பேர் தரவேண்டிய பாக்கியில் கிடந்தது.

சொந்த உழைப்பைச் செலவில் சேர்க்காமல் விடுவதைத்தான் தவறுகளில் முதலில் வைப்பேன். மற்ற பல தவறுகள் இதிலிருந்தே முளைக்கின்றன. "நான் வீட்டில் சும்மா இருக்கும் நேரம்தானே, அதற்கு எதற்குக் கூலி?" என்பார்கள். அந்த நேரம் சும்மா இருந்ததே இல்லை என்பது ஒருபக்கம். ஆர்டர் பெருகி நாளைக்கு ஆள் வைக்க வேண்டி வரும்போது அந்தக் கூலியை எங்கிருந்து கொடுப்பீர்கள்? விலையில் அதற்கு இடமே இருக்காது. ஆர்டர் கூடக்கூட உடம்புதான் தேயும்.

இன்னொரு சிக்கல் பக்கத்துத் தெரு மளிகைக் கடையில் காத்திருக்கிறது. பொடி நன்றாக இருக்கிறது, என் கடையில் வையுங்கள், கால் பங்கு எனக்கு என்கிறார் கடைக்காரர். நியாயமான பேச்சுதான். வாடகை, மின்சாரம், ஆள் சம்பளம் எல்லாம் அவருக்கும் உண்டு. ஆனால் 80 ரூபாய் பாக்கெட்டில் 20 ரூபாய் அவருக்குப் போனால் உங்களுக்கு வருவது கிலோவுக்கு 240. சாமான் செலவே 255. பாக்கெட் விற்க விற்க நஷ்டம். "கடைகளுக்குக் கொடுத்துப் பார்த்தேன், கட்டுப்படியாகவில்லை" என்று நிறுத்திவிட்டவர்களில் பலருக்கு நடந்தது இதுதான். பழியைக் கடைக்காரர் மேல் போடுவார்கள்.

அதனால் விலையைக் கீழிருந்து கட்டுங்கள். சாமான் 255. மணிக்கு 50 வீதம் பதினான்கு மணி நேரக் கூலி 700, அதாவது கிலோவுக்கு 70. ஆக அடக்கம் 325. தொழிலுக்கென்று லாபம் 50 வைத்தால் 375. இது உங்கள் கைக்கு வந்தே தீரவேண்டிய தொகை. கடைக்காரரின் கால் பங்கு போக 375 மிஞ்ச வேண்டுமென்றால் கிலோ 500, பாக்கெட் 125 ரூபாய். இங்கே கூட்டலில் பலர் சறுக்குவார்கள். கால் பங்குதானே என்று 375-உடன் 25 சதவீதத்தைக் கூட்டிவிடுவார்கள். கடைக்காரர் எடுப்பது விற்பனை விலையில் கால் பங்கு. உதாரணமாக, உங்களுக்கு நூறு ரூபாய் வரவேண்டிய பொருளுக்கு 125 என்று போட்டால் அவர் எடுப்பது 31 ரூபாய் 25 காசு. உங்களுக்கு நூறு வராது. வரவேண்டியதை 0.75-ஆல் வகுத்தால்தான் சரியான விலை கிடைக்கும்.

வீட்டுக்கே வந்து வாங்குபவருக்கும் 125-தான். உறவினருக்கு 80, தெருவுக்கு 100, கடையில் 125 என்று மூன்று விலை வைத்தால் எல்லோரும் உறவினராகிவிடுவார்கள். கடைக்காரரும் இதைச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்.

தள்ளுபடிக்கும் இதே கணக்கு பொருந்தும். தீபாவளிக்குப் பத்து சதவீதம் கூடுதலாகக் கொடுங்களேன் என்று கடைக்காரர் கேட்பார். 125-இல் பத்து சதவீதம் 12 ரூபாய் 50 காசு. ஒரு பாக்கெட்டில் நீங்கள் வைத்த லாபமும் சரியாக அதே 12 ரூபாய் 50 காசுதான். ஆக, தீபாவளி மாதம் முழுவதும் கூலிக்கு மட்டும் வேலை செய்திருப்பீர்கள்.

விலையை ஏற்றினால் வாடிக்கையாளர் போய்விடுவார்களே என்ற பயம் எனக்கும் இருந்தது. சிலர் போனார்கள். போனவர்களில் பெரும்பாலானோர் பாக்கி வைத்திருந்தவர்கள்.

அடுத்தது பெயர். செய்வது மனைவி, செல்பேசி எண் கணவருடையது, பணம் வந்து சேரும் வங்கிக் கணக்கும் அவருடையது, பதிவுச் சான்றிலும் அவர் பெயரே. கணவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இந்த ஏற்பாடு நல்லதல்ல. ஐந்து வருடம் தொழில் நடத்திவிட்டுக் கடன் கேட்டு வங்கிக்குப் போகும்போது உங்கள் பெயரில் ஒரு பரிவர்த்தனையும் இருக்காது. வங்கியைப் பொறுத்தவரை நீங்கள் தொழிலே செய்யவில்லை. குறு, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவை உங்கள் ஆதார் எண்ணில் உங்கள் பெயரிலேயே செய்யுங்கள். அரசு இணையதளத்தில் அது முற்றிலும் இலவசம். இரண்டாயிரம், மூவாயிரம் வாங்கிக்கொண்டு செய்து தருவதாக வரும் அழைப்புகளை நம்ப வேண்டாம். மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் குறு, சிறு தொழில்களிடமிருந்து செய்யும் கொள்முதலில் பெண்கள் நடத்தும் நிறுவனங்களுக்கென்று ஒரு பங்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. சான்று கணவர் பெயரில் இருந்தால் அந்தக் கதவு திறக்காது.

உத்யம் பதிவுக்கு இன்னொரு பயனும் உண்டு. நிறுவனங்களுக்குப் பண்டிகைப் பரிசுப் பெட்டி செய்து கொடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, பொருளை வாங்கிய நிறுவனம் குறு, சிறு உற்பத்தியாளருக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தரவேண்டும். எழுத்து ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள்தான். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் "வங்கி விகிதம்" என்ற வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாந்திரக் கூட்டு வட்டி. பணம் வராதபோது பதிவைத் தேடி ஓடுவதில் பயனில்லை. சரக்கு கொடுக்கும் முன்பே பதிவு இருக்க வேண்டும். எனக்கு ஒரு நிறுவனம் ஏழு மாதம் பாக்கி வைத்திருந்தபோது இந்தச் சட்டம் தெரியாது. வரவேற்பறையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு வருவேன்.

உணவுப் பொருள் செய்பவர்கள் "வீட்டில் செய்வதுதானே" என்று உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவைத் தள்ளிப்போடுகிறார்கள். வீடானாலும் விற்றால் பதிவு வேண்டும். சிறிய அளவில் செய்பவருக்குப் பெரிய உரிமம் தேவையில்லை, எளிய பதிவே போதும். அதற்குப் பல ஆண்டுகளாக இருந்துவந்த கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். இரண்டு சினிமா டிக்கெட் விலைகூட இல்லை. அந்தப் பதினான்கு இலக்க எண் இல்லாமல் நல்ல கடை எதுவும் உங்கள் பாக்கெட்டை அடுக்கில் வைக்காது. லேபிளில் பெயரும் விலையும் மட்டும் போதாது. சேர்மானங்கள் அளவின் இறங்கு வரிசையில், நிகர எடை, தயாரித்த நாள், எந்த நாளுக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது, முகவரி, சைவம் என்றால் பச்சைப் புள்ளி எல்லாம் வேண்டும். பூவும் கொடியும் வரைந்த அழகான லேபிளில் தேதி இல்லாமல் ஐயாயிரம் அச்சடித்துவிட்டு ஒவ்வொன்றிலும் பேனாவால் எழுதிய ஒருவரைத் தெரியும். நான்தான் அது.

ஜிஎஸ்டி பற்றிப் பாதி உண்மை ஒன்று உலவுகிறது: "ஆண்டு விற்பனை நாற்பது லட்சம் வரை பதிவு வேண்டாம்." தமிழ்நாட்டுக்குள் பொருள் மட்டும் விற்பவருக்கு அது சரி. வரிவிலக்கு இல்லாத பொருளை வேறு மாநிலத்துக்கு விற்றால், கைவினைப் பொருள் போன்ற சில விலக்குகள் தவிர, தொகை எவ்வளவானாலும் பதிவு கட்டாயம். பெங்களூரிலிருந்து இன்ஸ்டாகிராமில் ஆர்டர் வருகிறது என்று மகிழ்ந்து கூரியரில் அனுப்பும் முன் கணக்காளர் ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கூரியரில் வேறொரு பள்ளமும் இருக்கிறது. முறுக்கு, வடகம், அப்பளம் போன்றவை கனமில்லாதவை, ஆனால் இடத்தை அடைப்பவை. கூரியர்காரர்கள் பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5000-ஆல் வகுத்து ஓர் எடையைக் கணக்கிடுவார்கள். உண்மையான எடை, இந்த எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். 30-க்கு 25-க்கு 20 பெட்டியில் ஒரு கிலோ முறுக்கு வைத்தால் மூன்று கிலோவுக்குப் பணம் கட்டவேண்டும். "டெலிவரி இலவசம்" என்று அறிவிக்கும் முன் பெட்டியை அளந்து பாருங்கள்.

விளம்பரத்துக்கு வருவோம். படத்தைப் போட்டுவிட்டு "விலைக்குத் தனிச்செய்தி அனுப்பவும்" என்று எழுதுவது ஏன் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. விலை கேட்கவே கூச்சப்படுபவர்கள் நம் ஊரில் ஏராளம். கேட்டுவிட்டு வாங்காமல் போவது மரியாதையில்லை என்று நினைத்துக் கேட்காமலே நகர்ந்துவிடுவார்கள். விலை, எடை, எத்தனை நாள் கெடாது, எப்போது கிடைக்கும் என்ற நான்கையும் படத்தோடு எழுதுங்கள். வாட்ஸ்அப் பிசினஸ் செயலி இலவசம். அதில் பொருள் பட்டியலை விலையோடு வைத்துவிடலாம், இரவு பதினொரு மணிக்கு வரும் கேள்விக்குத் தானாகப் பதில் போகவும் செய்யலாம். குடும்பக் குழுவில் மட்டும் விளம்பரம் செய்வது இன்னொரு பழக்கம். அத்தை வாழ்த்துவார், சித்தி பூச்செண்டுப் படம் அனுப்புவார், "எனக்கு ஒரு பாக்கெட் எடுத்து வை" என்பார் ஒருவர். அது ஆர்டர் இல்லை. பொடியில் உப்பு அதிகம் என்றாலும் அவர்கள் சொல்லமாட்டார்கள். காசு கொடுத்து வாங்கும் அந்நியர்தான் சொல்வார்.

ஒரே நேரத்தில் பதினெட்டுப் பொருள் செய்யாதீர்கள். பதினெட்டிலும் கொஞ்சம் தேங்கிக் காலாவதியாகும். எது ஓடுகிறதோ அதில் இரண்டு மூன்றை வைத்துக்கொண்டு ஆண்டு முழுவதும் தடையில்லாமல் கொடுங்கள். 1959-இல் மும்பையில் ஏழு பெண்கள் 80 ரூபாய்க் கடனில் லிஜ்ஜத் அப்பளத்தைத் தொடங்கியபோது முதல் ஆண்டு மழைக்காலத்தில் காயவைக்க வழியில்லாமல் நான்கு மாதம் வேலையை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு ஒரு கட்டிலும் அடுப்பும் வாங்கி, கட்டிலின் மேல் அப்பளம், கீழே அடுப்பு என்று சமாளித்தார்கள். ஐப்பசி, கார்த்திகையில் உங்கள் வடகம் எங்கே காயும் என்பதைச் சித்திரையிலேயே யோசிக்க வேண்டும். கட்டிலும் அடுப்பும் போன்ற மலிவான வழி இருக்கும்போது பெரிய இயந்திரத்துக்குக் கடன் வாங்காதீர்கள். மானியத்தை நம்பி வாங்குவதும் ஆபத்து. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் பெண்களுக்கு நகரில் 25, கிராமத்தில் 35 சதவீதம் மானியம் என்பது உண்மை. ஆனால் அந்தப் பணம் கைக்கு வராது. மூன்று ஆண்டு வங்கியில் வைப்புத்தொகையாக இருந்து, தொழில் ஒழுங்காக நடந்தால் பிறகே கடனில் கழியும். அதுவரை தவணையைக் கட்டப்போவது நீங்கள்.

மொத்த ஆர்டர் என்று போனில் பேசி, உங்களுக்கு முன்பணம் அனுப்ப இந்தக் குறியீட்டை ஸ்கேன் செய்யுங்கள் என்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். பணம் பெறுவதற்கு யாரும் ரகசிய எண் (PIN) போட வேண்டியதில்லை. போட்டால் பணம் போவது உங்கள் கணக்கிலிருந்துதான். பணம் அனுப்பியதாக வரும் படத்தையும் நம்பாமல் வங்கிக் கணக்கைப் பார்த்த பிறகே பார்சலைக் கொடுங்கள்.

கடைசியாக, தொழிலை நிறுத்திவிட்டு வேலைக்குப் போக நினைப்பவர்களுக்கு. எனக்குத் தெரிந்த ஒருவர் ஆறு ஆண்டு வீட்டுச் சமையல் ஆர்டர் எடுத்து நடத்தினார். மாதம் நானூறு சாப்பாடு, மூன்று உதவியாளர்கள், காய்கறிக் கொள்முதல், வரவு செலவு எல்லாம் அவர் பொறுப்பு. பிறகு ஒரு விடுதியின் சமையலறை மேற்பார்வையாளர் வேலைக்கு விண்ணப்பித்தபோது அந்த ஆறு ஆண்டுக்கு எதிரே "இல்லத்தரசி" என்று எழுதியிருந்தார். ஏன் என்று கேட்டேன். "அதெல்லாம் வேலையில் சேருமா?" என்றார். நானூறு சாப்பாட்டையும் மூன்று ஆட்களையும் எழுதச் சொன்னேன். ஆதாரம் கேட்டால் என்ன காட்டுவது என்றார். உணவுப் பாதுகாப்புப் பதிவு அவர் பெயரில் இருந்தது. வங்கிக் கணக்கும் அவருடையது. இரண்டு ஆண்டு வருமான வரிக் கணக்கும் தாக்கல் செய்திருந்தார், வரி எதுவும் கட்டவேண்டியிராதபோதும். மூன்றையும் நகலெடுத்து விண்ணப்பத்தோடு இணைத்தோம்.