எலீட் டேஞ்சரஸ்: புதிய விண்வணிகர்கள் செய்யும் தவறுகள்

எலீட் டேஞ்சரஸ் என்ற விண்வெளிக் கணினி விளையாட்டில் முதல் நாள் உங்களிடம் இருப்பவை இரண்டுதான்: சைட்விண்டர் என்ற சிறிய கப்பலும் 1,000 கிரெடிட்டும் (விளையாட்டின் பணம்). வெளியே நமது பால்வெளி மண்டலம் 40,000 கோடி விண்மீன் அமைப்புகளோடு உண்மை அளவிலேயே விரிந்து கிடக்கிறது. டேவிட் பிரேபனும் இயன் பெல்லும் 1984-இல் உருவாக்கிய எலீட் என்ற விளையாட்டின் வாரிசாக, 2014 டிசம்பரில் வெளியானது இது. சரக்கு ஏற்றி விற்கலாம், எவரும் காணாத கிரகங்களைத் தேடிப் போகலாம். எதைச் செய்ய வேண்டும் என்று விளையாட்டு வற்புறுத்துவதில்லை.

புதிதாக ஆடவருபவர்கள் பெரும்பாலும் எந்த ஆயுதம் நல்லது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். ஆனால் இந்த விளையாட்டில் சண்டையில் இழப்பதைவிட, திரும்பி வருவதற்கான கணக்கைப் போடாமல் இழப்பதே அதிகம். பணம், எரிபொருள், திரட்டிய தகவல் மூன்றிலும் இதே கதைதான்.

முதலில் பணம். கப்பல் வெடித்தால் அதன் மொத்த மதிப்பில் 5 சதவீதத்தைக் கட்டி அதே கப்பலை மீட்கலாம். இங்கே மதிப்பு என்பது கப்பலின் உடல் விலை மட்டும் அல்ல, பொருத்திய கருவிகளின் விலையும் சேர்ந்தது. 20 கோடி மதிப்புள்ள கப்பலென்றால் மீட்க ஒரு கோடி வேண்டும். அது கையில் இல்லையென்றால் கப்பல் போய்விடும். மறுபடி இலவச சைட்விண்டர்தான். இதில் சரக்குக்குக் காப்பீடே கிடையாது. கையிலுள்ள அனைத்தையும் போட்டுச் சரக்கு வாங்கிக் கிளம்பியவர், வழியில் கொள்ளையரிடம் சிக்கினால் முதலுக்கே மோசம். இரண்டு முறை மீட்கும் அளவுக்குப் பணத்தைத் தனியே ஒதுக்கிவிட்டு, மிஞ்சியதில் மட்டும் வியாபாரம் செய்யுங்கள்.

பெரிய கப்பல் மோகமும் இப்படித்தான் கவிழ்க்கும். அனகோண்டா என்ற பெரிய கப்பலின் விலை சுமார் 14.7 கோடி கிரெடிட். அதைச் சேர்த்த அன்றே வாங்குபவர்கள் உண்டு. ஆனால் கடையிலிருந்து வரும்போது அதில் இருக்கும் கருவிகள் மிகக் கீழ்த்தரமானவை. ஒரு தாவலில், அதாவது ஒரு விண்மீன் அமைப்பிலிருந்து இன்னொன்றுக்குப் பாயும்போது, சுமார் 9 ஒளியாண்டுதான் போகும். நல்ல தாவல் எந்திரம் வாங்கப் பணம் இருக்காது. யானையை வாங்கியவர் அங்குசத்துக்கு அல்லாடுவதுபோல நிலையத்திலேயே நிற்க வேண்டியதுதான். கருவிகளுக்கும் மீட்புக்கும் சேர்த்துப் பணம் வரும்வரை பழைய கப்பலிலேயே ஓடுவது நல்லது.

வியாபாரத்தில் எல்லோரும் விலையைப் பார்க்கிறார்கள், இறங்குதளத்தைப் பார்ப்பதில்லை. டைப்-7, அனகோண்டா போன்ற கப்பல்களுக்குப் பெரிய இறங்குதளம் வேண்டும். அவுட்போஸ்ட் எனப்படும் சிறு நிலையங்களில் அது கிடையாது. வயிறு நிறையச் சரக்கோடு வாசல்வரை போய், இறங்க முடியாமல் திரும்புவது மிகவும் கசப்பானது. தூரத்தையும் பாருங்கள். நீங்கள் தாவி வந்து சேரும் இடம் முதன்மை விண்மீனின் அருகில். நிலையம் அங்கிருந்து எவ்வளவு தூரம் என்பது வேறு கணக்கு. ஆல்பா சென்டாரியில் உள்ள ஹட்டன் ஆர்பிட்டல் நிலையம் 0.22 ஒளியாண்டு தள்ளியிருக்கிறது. சாதாரணத் தாவல் எந்திரம் என்றால் ஒரு மணி நேரத்துக்கும் மேல் நேராகப் பறந்துகொண்டே இருக்க வேண்டும். அங்கே போனால் இலவச அனகோண்டா கிடைக்கும் என்று பழைய ஆட்டக்காரர்கள் சொன்னால் நம்பாதீர்கள்.

எதை எங்கே விற்பது என்பது எளிது. சுரங்க நிலையத்தின் தாது சுத்திகரிப்பு நிலையத்துக்கு, அதன் உலோகம் தொழிற்சாலை நிலையத்துக்கு, அங்கிருந்து எந்திரங்கள் வேளாண் நிலையத்துக்கு. ஒரே வழியில் திரும்பத் திரும்ப ஓடினால் தேவை குறைந்து விலை இறங்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

நிலையத்தை நெருங்கும்போது அவசரம் கூடாது. சூப்பர்குரூஸ் எனும் அதிவேகப் பறத்தலில் போய்ச் சேரும் நேரம் 7 விநாடி என்று காட்டும்போது த்ராட்டில் எனும் வேகக் கட்டுப்பாட்டை முக்கால் அளவுக்குக் குறைத்தால் கப்பல் தானாகவே சரியாகத் தணியும். அதற்குப் பின்னும் முழு வேகத்தில் போனால் நிலையத்தைத் தாண்டிப் போய் வளைந்து வர வேண்டியிருக்கும். வழியில் எவராவது சூப்பர்குரூஸிலிருந்து உங்களைப் பிடித்து இழுத்தால், தப்பும் திறமை வரும்வரை போராடாமல் த்ராட்டிலைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து பணிந்துவிடுங்கள். போராடித் தோற்றால் கப்பலும் அடிபடும், மறுபடி கிளம்பவும் நேரம் ஆகும். பணிந்தவுடன் வேகம் பிடித்து வேறொரு விண்மீன் அமைப்புக்குத் தாவுங்கள். எதிரியின் பெரிய கப்பல் அருகில் இருந்தாலும் அந்தத் தாவலை அது தாமதப்படுத்த முடியாது. கூடுதல் சரக்குக்காகக் கேடயத்தைக் கழற்றியவருக்குத் தாவத் தேவையான சில விநாடிகளும் கிடைப்பதில்லை.

அடுத்தது எரிபொருள். ஃப்யூவல் ஸ்கூப் என்ற கருவியைப் பொருத்தினால் விண்மீனின் அருகே பறந்தே கொள்கலனை நிரப்பலாம். ஆனால் எல்லா விண்மீனும் எரிபொருள் தராது. ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் என்ற ஏழு வகைகள் மட்டுமே தரும். பழுப்புக் குள்ளனும் நியூட்ரான் விண்மீனும் தராது. கொள்கலனில் ஒரு தாவலுக்கு மட்டும் எரிபொருள் இருக்கும்போது மங்கிய பழுப்புக் குள்ளன் முன்னால் வந்து நின்றால் என்ன ஆகும்? விளக்குகள் அணைகின்றன, முன்கண்ணாடியில் பனி படர்கிறது, உயிர்வளியின் நேரம் பின்னோக்கி ஓடத் தொடங்குகிறது. மலிவான உயிர்காப்புக் கருவி என்றால் 5 நிமிடம், மிக உயர்ந்தது என்றால் 25 நிமிடம். அந்த எண்ணைக் கண்டதும் உடனே விளையாட்டின் முதன்மைப் பட்டிக்கு (மெனு) வெளியேறிவிடுங்கள். நேரம் அங்கேயே நிற்கும். பிறகு ஃப்யூவல் ராட்ஸ் குழுவினரை அழையுங்கள். 2015 முதல் இப்படிச் சிக்கியவர்களுக்கு எரிபொருள் கொண்டுவருவதையே வேலையாகச் செய்யும் ஆட்டக்காரர்கள் அவர்கள். காசு வாங்குவதில்லை. இந்த விளையாட்டில் நான் மிகவும் மதிக்கும் மனிதர்கள் அவர்கள்தான். ஆனாலும் அவர்களை அழைக்கும் நிலை வராமல் தடுக்க வழி இருக்கிறது: வரைபடத்தில் அந்த ஏழு வகை விண்மீன்கள் வழியாக மட்டும் பாதை போடும்படி வடிகட்டி வைக்கலாம்.

தொலைதூரப் பயணத்துக்கு எல்லாக் கருவிகளையும் ஏ என்ற மிக உயர்ந்த தரத்தில் வாங்குவது இன்னொரு தவறு. தாவல் எந்திரம் ஏ தரத்தில் இருக்கட்டும். உயிர்காப்பு, உணர்விகள் போன்றவற்றை எடை மிகக் குறைந்த டி தரத்தில் வைத்தால் அதிக தூரம் தாவலாம்.

மூன்றாவது தகவல். நீங்கள் அலசிய கிரகங்களின் விவரம் கப்பலில்தான் இருக்கிறது. நிலையத்தில் விற்றால்தான் பணமும் ‘முதலில் கண்டவர்’ என்ற பெயரும் கிடைக்கும். கப்பல் வெடித்தால் இரண்டும் போய்விடும். 5 சதவீதம் கட்டினால் கப்பல் வரும், தகவல் வராது. ஆறு வாரம் அலைந்து சேர்த்ததை நான் ஒரு கிரகத்தில் இழந்தேன். ஈர்ப்பு பூமியைவிட மூன்று மடங்குக்கு மேல். திரையில் அந்த எண் தெளிவாகவே இருந்தது. வழக்கமான வேகத்தில் மூக்கைத் தாழ்த்தி இறங்கினேன்; தரை நெருங்கும்போது நிமிர்த்திப் பார்த்தேன், கப்பல் கேட்கவில்லை. அத்தகைய இடத்தில் உயரத்திலேயே கப்பலைச் சமமாக்கி, மிக மெதுவாக இறங்க வேண்டும். சந்தேகம் இருந்தால் இறங்காமலே வந்துவிடுங்கள்.

ஊர் திரும்பும்வரை எல்லாத் தகவலையும் சுமந்து வராதீர்கள். சுமார் 22,000 ஒளியாண்டு தொலைவிலுள்ள கொலோனியா என்ற குடியேற்றப் பகுதிக்குப் போகும் பாதையில் இடையிடையே நிலையங்கள் உண்டு. அங்கேயே கொஞ்சம் கொஞ்சமாக விற்றுவிடலாம். கூட்டம் மிகுந்த விண்மீன் அமைப்புக்குள் நுழையும் முன் தனி ஆட்ட முறைக்கு மாறிக்கொள்ளுங்கள், ஏனென்றால் வாசலில் காத்திருந்து வேட்டையாடும் ஆட்டக்காரர்கள் அங்கேதான் இருப்பார்கள். நிலையத்திலிருந்து 7.5 கிலோமீட்டருக்குள் வந்ததும் அனுமதி கேளுங்கள். பச்சை விளக்குகள் வலப்பக்கம் இருக்கும்படி நுழைந்து, இறங்கி, மற்ற எந்த வேலைக்கும் முன்னால் தகவலை விற்றுவிடுங்கள். அதற்குப் பிறகு அந்தக் கிரகத்துக்கு எவர் வந்தாலும் அவர் திரையில் உங்கள் பெயர் தெரியும்.